கொடிக்கு இந்தப் பக்கம்

"சங்கிலிய வுடு மொழி. சொல்றேன்ல, வுடு."

"வுட மாட்டேன். மொதல்ல நீ கால எடு."

அறிவரசனின் வலது கால் நாயின் முதுகின் மேல் இருந்தது. சங்கிலியின் ஒரு முனை அவன் கையில். மறுமுனை தங்கை தமிழ்மொழியின் கையில். நடுவில் நாய் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. சாமியானா கட்ட வந்தவர்கள் கயிறும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அப்பாவக் கொன்ன நாயி இது."

"லாரி கொன்னுச்சு."

"லாரிக்கு முன்னாடி யாரு ஓடுனா? இது ஓடுச்சு. இதப் புடிக்க அவரு ஓடுனாரு. ஊரே சொல்லுது."

"விடியக்காலம் நடந்ததுக்கு ஊரு எங்கண்ணே வந்து பாத்துச்சு? ஊருக்கு யாரு சொன்னா, அதக் கேளு."

அவன் காலை எடுத்தான். எடுத்த காலால் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை உதைத்தான். அது கவிழ்ந்தது. ஒருவரும் எடுத்து நிமிர்த்தவில்லை.

அப்பா சாமிதுரையின் உடல் அரியலூர் பெரியாஸ்பத்திரியிலிருந்து இன்னும் வரவில்லை. போஸ்ட்மார்ட்டம் முடிய மதியம் ஆகும் என்றார்கள். ஓசூர் கம்பெனியிலிருந்து மகனும், பெரம்பலூர் லேபிலிருந்து மகளும் வந்து சேர்ந்துவிட்டார்கள். உடம்பைப் பார்க்காததால் அழுகை முழுசாக வரவில்லை. கோபம் மட்டும் முன்னாலேயே வந்து வாசலில் நின்றது.

நாயின் பெயர் கண்டக்டர். குட்டியாக இருக்கும்போதே டவுன் பஸ் வந்தால் கூடவே கொஞ்ச தூரம் ஓடி, வழியனுப்பிவிட்டுத் திரும்பும். விசில் அடிக்காத குறைதான் என்பார் சாமிதுரை. ரோட்டில் பஸ் மட்டும் போன காலம் அது. பிறகு குவாரி வந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வீட்டு வாசலை உரசிக்கொண்டு போக ஆரம்பித்தன. கண்டக்டருக்கு பஸ்ஸும் லாரியும் ஒன்றுதான்.

அதற்காகத்தான் அறிவரசன் அந்தப் பெட்டியை வாங்கி வந்தான். நாய்க்கான மின்வேலி. வீட்டைச் சுற்றி ஒயரைப் புதைக்க வேண்டும். நாயின் கழுத்தில் பட்டை. ஒயர்ப் பக்கம் போனால் பட்டை முதலில் கத்தும். அதையும் மீறி நகர்ந்தால் கழுத்தில் ஷாக் அடிக்கும். எல்லை எது என்று நாய் கண்ணால் பார்த்துப் பழக, கூடவே ஒரு கட்டு வெள்ளைக் கொடிகள் இருந்தன.

அன்றைக்குத் தமிழ்மொழியும் வந்திருந்தாள்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான்பா இருக்கும்" என்றான் அறிவரசன்.

"அப்படியா, குடு" என்று தமிழ்மொழி பட்டையை வாங்கித் தன் மணிக்கட்டில் வைத்து, ஒயர்ச் சுருள் பக்கம் கொண்டுபோனாள். அடுத்த நிமிஷம் பட்டை சுவரில் போய் விழுந்தது.

"எந்த ஊரு எறும்புடா அது?" என்று சாமிதுரை சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் குரல் மாறியது. "மக்காச்சோளக் கொல்லையில பன்னிக்குப் போட்ட கரண்டுக் கம்பியில நம்ம வீரமணி செத்துக் கெடந்தான். கம்பியிலேருந்து அவன் கைய நான்தான் பிரிச்சு எடுத்தேன். என் வூட்டு மண்ணுல அந்த வேல வேணாம்."

"அது வேறப்பா. இது பேட்டரி. உசிருக்கு ஒண்ணும் ஆவாது."

"வேறயாவே இருக்கட்டும்."

"அப்ப நாயக் கட்டிப் போடு."

"திருடனா அது, கட்டிப் போட?"

"லாரியில அடிபட்டுச் சாவட்டும் அப்ப."

சாமிதுரை கொடிக் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "பொட்டிய வச்சுட்டுப் போ. என்ன பண்ணலாம்னு பாக்குறேன்" என்றார். அது நடந்து இரண்டு மாதம் இருக்கும்.

இப்போது அறிவரசன் குனிந்து நாயின் கழுத்தைத் தடவினான். பட்டை இருந்தது. திருப்பி மூடியைத் திறந்தான். உள்ளே காலியாக இருந்தது.

"பாரு. பேட்டரியக் கழட்டிட்டாரு. பட்டைய அழகுக்கு மாட்டி வச்சிருக்காரு. போட்டிருந்தா இன்னிக்கு இவரு..." 

"பேட்டரி இல்லியா? அடப் பாவமே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

ராசாங்கம். குவாரிக்கு லாரிகள் விடும் முதலாளி. புல்லட்டை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றாமல் வந்திருந்தார். காலையில் அடித்தது அவருடைய லாரி. கவிழ்ந்து கிடந்த நாற்காலியைத் தானே நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாம் விதிதான் தம்பி. நாயி குறுக்க வுழுந்துச்சு, பின்னாடியே சாமிதொரை ஓடியாந்தான், பிரேக் அடிக்கிறதுக்குள்ள முடிஞ்சு போச்சுன்னு டிரைவர் பய ஸ்டேஷன்ல அழுவுறான். அவனும் புள்ளகுட்டிக்காரன். நீ வந்து அதையே ஒரு வார்த்த சொல்லிட்டீன்னா போதும். இங்க பொடிசுங்க எல்லாம் பொணத்த ரோட்டுல வச்சு மறியல் பண்ணணும்னு பேசுறானுவ. அதெல்லாம் வேணாம். சாமிதொரை மானமா வாழ்ந்தவன். அவன..."

"அவரு" என்றாள் தமிழ்மொழி.

"என்னம்மா?"

"அவன் இல்ல. அவரு. உங்கப்பாவ நாங்க யாராச்சும் அவன்னு சொன்னமா?"

ராசாங்கம் சிரித்தார். "படிச்ச புள்ளையில்ல. சரி, அவரு. அவரு நாயக் கட்டி வச்சிருந்தா இது நடந்திருக்குமா? தம்பி வேலி வாங்கியாந்து குடுத்தும் போடல பாரு."

"நாய்க்கு வேலி எங்கன்னு கேக்குறீங்க. உங்க லாரிக்கு எங்கங்க வேலி?"

"மொழி, சும்மா இரு" என்றான் அறிவரசன்.

அவள் சங்கிலியைக் கொய்யா மரத்தில் கட்டிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். வாசல் மண் முடிந்து தார் ரோடு தொடங்குவதற்கு முன்னால் வெள்ளைக் கொடிகள் வரிசையாக நின்றன. சர்வே கல்லுக்கு உள்ளே தள்ளி, நூல் பிடித்தது போல. அப்பாவின் வேலை. பெட்டியில் இருந்தவற்றில் கொடியும் பட்டையும்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது. கொடியைச் சுற்றி மண் சாணி தெளித்து ஈரமாக, துடைப்பக் கோடுகளோடு பொங்கல் வாசல் போலக் கிடந்தது.

பக்கத்து வீட்டு அமாவாசை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா கூட்டுனீங்க சித்தப்பா?"

"ஆமா பாப்பா. அண்ணன் ரத்தத்து மேல கண்டவன் காலும் படக் கூடாதுல்ல. தண்ணி ஊத்தி, சாணி தெளிச்சு, சுத்தமா கூட்டிப்புட்டேன். கொடியும் சாஞ்சு கெடந்துச்சு. அண்ணனுக்குக் கோணலா இருந்தா புடிக்காது. எடுத்து நட்டுட்டேன்."

"சாஞ்சு கெடந்துச்சா? எந்தப் பக்கம்?"

"வூட்டுப் பக்கமா."

"டயரு அச்சு இருந்துச்சா? கொடிக்கு உள்ள?"

அமாவாசை துடைப்பத்தைப் பார்த்தார். பிறகு மண்ணைப் பார்த்தார்.

"இருந்துச்சு பாப்பா. அதத்தான் நெரவுனேன்."

தமிழ்மொழி அவர் சட்டையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வரைக்கும் கூடப் போனவர், சட்டையில் இன்னும் ரத்தம் காயாதவர். இவரை எந்த வார்த்தையால் திட்டுவது?

"இன்னிக்கு ஒரு நாளு நீங்க சோம்பேறியா இருந்திருக்கக் கூடாதா சித்தப்பா?"

வீட்டுக்குள் போனாள். அம்மா இருசம்மாள் அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுற்றி நான்கு பெண்கள். ஒருத்தி அவள் வாயருகே காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, காலையில நீ எங்க இருந்த?"

"வாசல்ல. தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"யாருடி கேட்டா? போலீசு வந்துச்சு. வூட்டுல ஆம்பள யாருன்னுச்சு. எம் மவன் வருவான்னேன். போயிருச்சு. உங்கண்ணன் வந்தான். நேரா நாயப் போயி ஒதைச்சான்."

"அண்ணே!" என்று தமிழ்மொழி கத்திய கத்தலில் அறிவரசன் உள்ளே ஓடி வந்தான். "இப்பச் சொல்லு. அண்ணன்கிட்டச் சொல்லும்மா."

இருசம்மாள் டம்ளரைத் தள்ளினாள். மகனைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"தெனம் காலையில அதுக்குப் பள்ளிக்கூடம் நடத்துனாரு. பட்டையில கயித்தக் கட்டி, கொடி வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போயி, 'ஸ்டாப்பிங்'பாரு. நிக்கும். பொட்டுக்கடல குடுப்பாரு. நின்னுச்சுன்னா கடல, தாண்டுனா திட்டு. பொறவு கயிறில்லாமலே நின்னுச்சு. பஸ்ஸு போனாலும் நின்னுச்சு, லாரி போனாலும் நின்னுச்சு. அடுத்து 'ரைட்'டு கத்துக் குடுக்கணும், அப்பதான் முழு கண்டக்டருன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு."

யாரோ ஒருத்தி விசும்பினாள்.

"காத்துல சாஞ்ச கொடியக் குனிஞ்சு நிமித்திக்கிட்டு இருந்தாரு. நாயி பக்கத்துல உக்காந்திருந்துச்சு. ரெண்டு லாரி வந்துச்சு. பின்னாடி வந்தவன் முன்னாடி போனவனத் தாண்டப் பாத்தான். மண்ணுல எறக்கி வுட்டான். இவரத் தூக்கி ரோட்டுல போட்டுட்டுப் போனான். நாயி கொடிகிட்ட நின்னு ஊளையிட்டுச்சு. தோ, அந்தச் செவுத்துத் தூரத்துல கெடந்தாரு. கொடியத் தாண்டி அதால போவ முடியல. நான்தான் ஓடுனேன்."

அறிவரசன் தலையை ஆட்டினான்.

"பேட்டரி இல்லாத பட்டைக்கு எந்த நாயிம்மா பயப்படும்? எஜமான் அடிபட்டுக் கெடக்குறாரு, நாயி கொடியப் பாத்து நிக்குமா? உனக்கு இப்ப எதுவும் வெளங்காது. நீ படு."

இருசம்மாள் அவனைப் பார்த்தாள். 

வெளியே அவன் ராசாங்கத்திடம் சொல்வது உள்ளே கேட்டது. "மறியல்லாம் இல்லீங்க. எடுத்து முடிச்சதும் ஸ்டேஷனுக்கு வரேன்."

"நல்லது தம்பி. அப்படியே அந்த நாயையும் எங்க ஆளு ஏத்திக்கிட்டுப் போவட்டும். எங்கயாச்சும் தூரமா வுட்டுருவான். பாக்கப் பாக்க உங்களுக்குச் சங்கடம்தானே."

"சாயங்காலமா கூட்டிக்கிட்டுப் போவச் சொல்லுங்க."

உடல் வந்தது. முகம் மட்டும் தெரியும்படி வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். பாதி முகம்தான் சாமிதுரையாக இருந்தது. அப்போதுதான் வீடு அழுதது. அறிவரசன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "சொன்னேனேப்பா, கேட்டியா, சொன்னேனேப்பா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். தமிழ்மொழி அவனைத் தொடவில்லை. அவளுக்கு அந்த அழுகையிலும் ராசாங்கத்தின் குரல்தான் கேட்டது.

சுடுகாடு ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையில். பறை முன்னால் போனது. கொள்ளிச்சட்டியோடு அறிவரசன், அவனுக்குப் பின்னால் பாடை. ராசாங்கம் ரோட்டு நடுவில் நின்று இரண்டு பக்கமும் கை காட்டி லாரிகளை நிறுத்தியிருந்தார். "சீக்கிரம், சீக்கிரம், தாண்டிருங்க" என்றார். பெண்கள் வாசலோடு நின்றார்கள். அதற்கு மேல் அவர்கள் போகும் வழக்கம் இல்லை.

பாடை ரோட்டில் ஏறியபோது பின்னால் சங்கிலி மண்ணில் உரசும் சத்தம் கேட்டது. தமிழ்மொழி திரும்பினாள். கொய்யா மரத்தடியில் அம்மா நின்றிருந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

நாய் கூட்டத்தின் கால்களுக்கிடையில் புகுந்து ஓடியது.

"புடிங்க! நாயப் புடிங்க! ரோட்டுக்குப் போவுது!"

"அறிவு, திரும்பாத! சட்டி ஏந்துனவன் திரும்பக் கூடாது!" என்று அமாவாசை கத்தினார்.

நாய் முழு வேகத்தில் போய், கொடிகளுக்கு முன்னால் நான்கு காலையும் ஊன்றி நின்றது. ஈர மண் சிதறியது. நின்ற இடத்திலேயே சுற்றியது. பாடையைப் பார்த்துக் கழுத்தை நீட்டி ஒரு முறை ஊளையிட்டது. பறை ஒன்றிரண்டாகக் குறைந்து நின்றுபோனது.

அறிவரசன் திரும்பிவிட்டான்.

சட்டியோடு இறங்கி வந்து கொடிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"வாடா" என்றான். "கண்டக்டரு, வாடா."

நாய் வாலை ஆட்டியது. வரவில்லை.

சட்டியை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, குனிந்து, ஒரு கொடியைப் பிடுங்கினான். பக்கத்துக் கொடியைப் பிடுங்கினான். அதற்கடுத்ததையும். நாயின் முன்னால் வெறும் மண்தான் இருந்தது.

"வாடா. ரைட்டு. ரைட்டுடா. போலாம்."

நாய், கொடி இருந்த சின்னக் குழியை முகர்ந்தது. பின்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

அறிவரசன் கையிலிருந்த கொடிகளைத் தங்கையிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி அம்மாவைப் பார்த்தான். பிறகு ரோட்டில் ஏறி, முன்னால் நின்ற லாரிக்கு நேர் எதிரே போய், கொள்ளிச்சட்டியைத் தார் மேல் வைத்தான். அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பாடையைத் தூக்கியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, மெல்ல இறக்கி அவனுக்குப் பின்னால் வைத்தார்கள்.

"தம்பி, என்ன இது? பேசுனது என்னா?" என்றார் ராசாங்கம்.

பின்னால் எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்தது. நிறுத்தியது. சட்டியிலிருந்து புகை கோணாமல் மேலே போனது. இந்தப் பக்கம் நாய், முன்னங்கால்கள் இரண்டையும் குழியைத் தாண்டாமல் வைத்து, படுத்துக்கொண்டது.