பேக்கிங் பிரிவு நாற்காலி

பிஸ்கட் தொழிற்சாலை மூடப்பட்ட ஏழாம் நாள், காலை பத்தேகால் மணிக்கு, பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர் தன் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். பசை இல்லை, ஆணி இல்லை. தச்சரை வரவழைத்துக் கால்சட்டையைக் கத்தரித்துப் பார்த்தார்கள். கால்சட்டை தனியாக வந்தது, ஆள் வரவில்லை. அன்றாட அவசரங்களுக்காகத் தச்சர் பலகையின் அடியில் ஒரு வழி செய்து கொடுத்தார், அதை விவரிக்க வேண்டியதில்லை. அன்று லேசாகத் தூறியது, வெங்காயம் விலை ஏறியிருந்தது, மற்றபடி எங்கள் தெருவில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை.

நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேக்கிங் கூடத்தில் பிஸ்கட்டைச் சுமந்து ஓடும் பட்டையின் இரு பக்கமும் இருபத்திமூன்று பெண்கள் நிற்பார்கள். கூடத்துக்கு மொத்தமும் ஒரே நாற்காலி, அதில் ஒரே ஆண். பெண்கள் நின்றால்தான் கை ஓடும், ஆண் உட்கார்ந்தால்தான் மூளை ஓடும் என்று நிர்வாகம் சொன்னது. பதினேழு வருடம் அவர் அதை நம்பினார். சும்மா சொல்லக் கூடாது, நாங்களும் நம்பினோம். அவருடைய மனைவியும் அதே பட்டையில் நான்காவது ஆளாக நின்றவள்தான். கல்யாணத்துக்கு முன்னும் நின்றாள், பின்னும் நின்றாள், வீட்டுக்கு வந்து அடுப்புக்கு முன்னால் நின்றாள். வேலையில் மனைவி என்று சலுகை காட்டியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. வீட்டிலும் காட்டியதில்லை, ஆனால் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

ஆலையை மூடிய அன்று முதலாளிக்குத் தாராள மனம் வந்துவிட்டது. அவரவர் புழங்கிய பொருளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒருத்தி தராசை எடுத்தாள், ஒருத்தி லேபிள் உருளையை, இருவர் தகர டப்பாக்களை. மேற்பார்வையாளரின் மனைவி பை ஒட்டும் இயந்திரத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அவர் எடுத்தது நாற்காலி. கைவைத்த மர நாற்காலி, மெத்தை தைத்தது. அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடைத்தெரு வழியாக அவர் வீடு திரும்பியபோது, ஒரு பதவியையே தூக்கிக்கொண்டு வருகிற மிடுக்கு அவர் நடையில் இருந்தது. மனைவி இயந்திரத்தோடு பத்தடி பின்னால் வந்தாள். கண்டெடுத்தது யார், கோட்டை விட்டது யார் என்பது அன்று எங்களில் யாருக்கும் புரியவில்லை.

ஒட்டிக்கொண்ட சேதி பரவியதும் ஆண்கள் கும்பலாகப் போய்ப் பார்த்தோம். பாவம், மானஸ்தன், வேலை போன துக்கம் என்று பேசிக்கொண்டோம். நின்றபடி டீ கொடுத்தவளைப் பார்க்க யாரும் போகவில்லை, ஆகவே யாரும் பார்க்கவில்லை. பெரிய மருத்துவமனையிலிருந்து ஒரு நிபுணர் வந்து, நாற்காலியின் நாலு காலையும் அவருடைய இரண்டு காலையும் தட்டிப் பார்த்தார். இது அபூர்வமில்லை என்றார். மாடி ஏறஏற இந்த நோய் அதிகம், ஆனால் அங்கெல்லாம் நாற்காலிக்குச் சக்கரம் இருக்கும், பின்னால் தள்ளிக்கொண்டு போக ஆளும் இருக்கும், அதனால் யாரும் அதை நோய் என்று சொல்வதில்லை என்றார். பிஸ்கட் முதலாளிக்கே பதினோரு வருடமாக ஒட்டியிருக்கிறதாம், அதோடு இரண்டு முறை வெளிநாடு போய் வந்துவிட்டாராம். மேற்பார்வையாளருக்கு அதைக் கேட்டு ஒரு தெம்பு வந்தது. முதலாளிக்கு வந்த நோய் தனக்கும் வந்ததில் அவருக்கு லேசான கௌரவம்கூட இருந்தது.

மனைவியும் கூட நின்ற நாலு பெண்களும் ஒரு கார் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, தராசையும் இயந்திரத்தையும் வைத்து, மளிகைக் கடைகளுக்குப் பருப்பும் மிளகும் பொட்டலம் போட ஆரம்பித்தார்கள். வேலை குவிந்தது. லேபிள் ஒட்ட ஆள் வேண்டும், உட்கார்ந்தே செய்யலாம், தூக்கிக்கொண்டு போகிறோம் என்று அவரிடம் கேட்டார்கள். லேபிள் ஒட்டுவது பொம்பளை வேலை என்றார் அவர். வேண்டுமானால் மேற்பார்வை பார்க்கிறேன் என்றார். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர் சுவரைப் பார்த்தபடி பதினோரு மாதம் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் என்றால் தண்ணீர் வந்தது, சாப்பாடு என்றால் சாப்பாடு வந்தது. மின்விசிறியின் வேகம் சரியில்லை என்று அவ்வப்போது கருத்துச் சொன்னார்.

பன்னிரண்டாம் மாதம் ஒரு மத்தியானம் இரண்டு பெண்கள் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். பேருந்தில் பாதி இருக்கை காலியாகக் கிடக்க, கடைசி நிறுத்தம் வரை நின்றே வந்து மயங்கி விழுந்துவிட்டாளாம். கட்டிலில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். முழங்கால் மடங்கவில்லை. கதவுப் பலகையைச் சாய்ப்பது போல நின்றவாக்கிலேயே படுக்க வைத்தார்கள். புடவை விலகிய இடத்தில் கெண்டைக்காலில் நீல நரம்புகள் விரல் கனத்தில் முறுக்கிக் கிடப்பதை, கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் முதல்முறையாகப் பார்த்தார்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"நீங்க உக்காந்தீங்கள்ல, அந்த வாரத்துலேர்ந்து. மடக்கவே முடியல."

"சொல்லவே இல்லியே நீ."

"எதுக்குச் சொல்லணும்? எதுத்தாப்புலதான நின்னேன்."

அவளையும் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். இந்த வயதில் பெண்களுக்கு இதெல்லாம் சகஜம் என்று டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். கூடவே, இன்னும் மூன்று மாதத்துக்குள் உட்கார்ந்து காலுக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் நரம்பு வெடித்துவிடும், பிறகு நிற்கவும் முடியாது என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்த வாரம் முழுக்க மேற்பார்வையாளருக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பதினேழு வருடம் பொட்டலம் சாய்ந்திருக்கிறதா, ஓரம் பிரிந்திருக்கிறதா என்று உற்று உற்றுப் பார்த்த கண், பொட்டலத்துக்கு மேலே ஒரு முழம் ஏறவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார். தன் மேற்பார்வைக்குத் தப்பிய ஒரே பிசகு இதுதான் என்று பிற்பாடு எங்களிடம் சொல்வார். நாங்கள் மரியாதைக்குத் தலையாட்டுவோம்.

வீட்டுக் கூடத்திலிருந்து அடுப்படிக்கு ஒன்பது அடி. குதிகாலை ஊன்றி ஊன்றி, நாற்காலியோடு அவர் அந்த ஒன்பது அடியைக் கடக்க இரண்டு நாள் ஆனது. அடுப்படி வாசலில் நாற்காலியின் கைகள் இடித்தன. அந்தக் கைகளில் பேனாவைத் தட்டித்தான் அவர் இருபத்திமூன்று பேரையும் வேகப்படுத்தியிருந்தார். கொட்டகைப் பெண்களைக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னார். ரம்பம் ஓடியபோது வாய்விட்டு அழுதார், தன் கையையே அறுப்பது போல இருந்ததாம். அறுத்த பெண்கள் மரத்தூளைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்கள். ஆறுதல் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை.

உள்ளே போனபின்தான் அவருக்குத் தன் தகுதி தெரிந்தது. அடுப்பை இறக்கி முக்காலியில் வைத்துக்கொண்டார். பாலை அடுப்பில் ஏற்றி, கை கட்டி, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பால் அவருடைய மேற்பார்வையிலேயே பொங்கி வழிந்தது. உருளைக்கிழங்கு வெளியே கருகி உள்ளே கல்லாக இருந்தது. முட்டையில் ஓடு கடிபட்டது. உப்பு எங்கே என்று ஒரு மணி நேரம் தேடி, தன் முழங்கையருகே கண்டுபிடித்தார். மனைவி வந்து நின்றபடி சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, மிச்சமும் வைக்கவில்லை. இப்படி எட்டு வாரம். அவள் கால் அப்படியேதான் இருந்தது, டாக்டர் சொன்ன கெடுவில் ஒரு மாதம்தான் பாக்கி.

ஒன்பதாம் வாரம் ஒரு சாயங்காலம் அவள் கொட்டகையிலிருந்து வந்தாள். சமையல் முடிந்திருந்தது, துணி மடித்திருந்தது, பாத்திரம் கழுவியிருந்தது. தண்ணீர் என்று யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடுகிறவர் குழாயடியில் இருந்தார். அடுப்படி வாசலில் அவள் நின்றாள். செய்ய ஒன்றுமில்லை என்பது புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அப்போது துருப்பிடித்த தாழ்ப்பாள் நகர்வது போல ஒரு சத்தம் கேட்டது. முதலில் வலது முழங்கால் மடங்கியது, பிறகு இடது. சுவரில் முதுகு தேய, அவள் மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். அவர் குழாயை மூடிவிட்டு, நாற்காலியோடு அவள் பக்கம் நகர்ந்து வந்தார். அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இவ்வளவு நல்லவனாகிவிட்டோமே, இனி நமக்கும் விடுதலைதான் என்று ஒரு நப்பாசை அவருக்கு எழுந்தது. யாருக்கும் தெரியாமல் முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்து, மெதுவாக ஒரு எம்பு எம்பிப் பார்த்தார். நாற்காலியும் கூடவே எம்பியது.

"என்ன, எழுந்துக்கப் பாக்கறீங்களா?"

"இல்ல. சும்மா."

"சும்மாதான இருக்கீங்க, அந்தத் தட்ட இப்படிக் குடுங்க. உக்காந்து சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு."

நாற்காலி பிறகும் விடவில்லை. காலையில் கொட்டகைக்குத் தூக்கிப்போய் லேபிள் ஒட்ட வைத்தார்கள். அங்கே எல்லோருக்கும் முக்காலி வாங்கியிருந்தார்கள், முறைபோட்டு நின்றும் உட்கார்ந்தும் வேலை செய்தார்கள். முறையில் சேர்க்க முடியாத ஒரே ஆள் அவர். மத்தியானம் வீடு திரும்பிச் சமைத்தார். அவளுடைய நரம்புகள் அடங்கின. எங்களில் சிலர் அவரைக் கேலி பேசிவிட்டு வீட்டுக்குப் போய், யாரும் பார்க்காத நேரத்தில் எழுந்து பார்த்துக்கொண்டோம். சிலருக்குச் சுலபமாக வந்தது, சிலருக்குக் கொஞ்சம் இழுத்தது. இந்த வரலாற்றைக் குறித்து வைப்பவன் இன்னும் எழுந்து பார்க்கவில்லை, டீ வரட்டும் என்று இருக்கிறான்.

ஆறாம் வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு அதிகாரி வந்தார். குடும்பத் தலைவர் யார் என்று நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தே கேட்டார். அவர் கரண்டியால் தரையைக் காட்டினார். அங்கே அவள் காலை நீட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். அதிகாரி ஒரு கணம் தயங்கி எழுதிக்கொண்டார். நாற்காலி ஒட்டியிருப்பதையும் அவர் கவனித்தார், ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"உங்க தொழில் என்னன்னு போடட்டும் சார்? மேற்பார்வையாளர்னு போட்டுடவா?"

"வீட்டு வேலைன்னு போடுங்க. உக்காந்துதான் பாக்கறேன். ஆனா பாக்கறேன்."

அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.