மேட்டுத் தெருவில் எடுத்த காற்று

பிள்ளைப்பாக்கம் மேட்டுத் தெருவில் 2022ஆம் ஆண்டு பிப்ரவரி பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணிக்குக் காற்று நின்றது. அதன் பிறகு அடிக்கவில்லை. பக்கத்துத் தெருக்களில் வழக்கம்போல அடித்தது. ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கொடி ஆடியது, ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்களின் ஜன்னல் திரைகள் படபடத்தன. மேட்டுத் தெருவில் மட்டும், ரேஷன் கடைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடைப்பட்ட இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டருக்குள், ஒரு வேப்பிலைகூட அசையவில்லை.

அன்றைக்கு அந்தத் தெருவுக்கு வெளிநாட்டுக்காரர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். ஊரின் கிழக்கு ஓரத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை இருக்கிறது. பேனா மைக்கும் துணிச் சாயத்துக்கும் போகிற ஒரு திரவம் அங்கே தயாராகிறது. அதே திரவத்தை வேறொன்றோடு சேர்த்தால் மனிதனின் தோலையும் நுரையீரலையும் வேகவைக்கிற போர்வாயு ஆகிவிடும் என்பதால், உலக நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தப்படி, சில வருஷங்களுக்கு ஒருமுறை ஆய்வாளர்கள் வந்து பீப்பாய்களை எண்ணிவிட்டுப் போவார்கள். இந்த முறை வந்தவர்கள் மூன்று நாள் எண்ணினார்கள். அவர்களுக்குப் பீப்பாய் பீப்பாயாக மூடி திறந்து காட்டியவன் காசிராஜன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து அந்தத் தொழிற்சாலையின் ஸ்டோரில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். மேட்டுத் தெருவில் தசரதன், கனகம் தம்பதியின் பின்னறையில் வாடகைக்கு இருந்தான். ராத்திரிச் சாப்பாடு கனகத்தின் கையால்தான்.

ஊருக்கு அந்த ஆய்வின் மேல் நம்பிக்கை இருந்ததில்லை. வார்டு உறுப்பினர் நடேசன் டீக்கடையில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கில் அணுகுண்டு வைத்திருக்கிறவன் வீட்டுக்கு எவன் போய் எண்ணுகிறான், நம்மூர் பேனா மையை எண்ண மட்டும் பிளேன் ஏறி வருகிறான் என்று கேட்பார். தொழிற்சாலை உண்மையிலேயே விஷவாயு செய்கிறது, வந்தவர்கள் அதை மூடி மறைக்க வந்தார்கள் என்றார்கள் சிலர். தொழிற்சாலையில் ஒன்றுமே இல்லை, வந்தவர்கள் ஊரை வரைபடத்தில் குறித்துக்கொண்டு போக வந்த உளவாளிகள் என்றார்கள் வேறு சிலர். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்பதால் பெரும்பாலானவர்கள் இரண்டையும் நம்பினார்கள். அந்த நான்கு பேரையும் நம்பியவன் ஊரில் காசிராஜன் ஒருவன்தான். பீப்பாய்க்குள் விடும் அளவுக்கம்பியை எத்தனை கவனமாகத் துடைத்துவிட்டு மறுபடி இறக்குகிறார்கள் என்பதை அவன் பக்கத்தில் நின்று பார்த்திருந்தான்.

நம்பியதால்தான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். தசரதனுக்கு நான்கு வருஷமாக இருமல். தொழிற்சாலைக்காக ஒன்றரை ஏக்கர் நிலத்தை எழுதிக் கொடுத்தவர் அவர். சாயங்காலம் புகைபோக்கியிலிருந்து அழுகிய பூண்டு வாசனை இறங்கும் நாட்களில் விலா எலும்பு தெரிய இருமுவார். மூன்றாம் நாள் வேலை முடிந்து ஆய்வாளர்கள் கையுறையைக் கழற்றும்போது, குழுவிலிருந்த கட்டை முடி வைத்த பெண்ணிடம் காசிராஜன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எங்கள் தெருவுக்கு வந்து காற்றையும் ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டான். கூட வந்திருந்த அரசு அதிகாரி சிவசங்கர் அது அவர்கள் வேலையில் சேராது என்றார். அந்தப் பெண் கழற்றிய கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு பெட்டியிலிருந்து ஒரு இரும்புக் குப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள். மற்ற மூவரும் அவள் பின்னால் வந்தார்கள். தசரதன் வீட்டு வாசலில் நின்று குப்பியின் திருகைத் திறந்தாள். ஒரு நிமிஷம் சீறல் கேட்டது. மூடினாள், மஞ்சள் முத்திரை போட்டாள், காசிராஜனிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினாள். கார் கிளம்பியபோது எழுந்த புழுதி மறுநாள் காலை வரை அந்தரத்திலேயே நின்றது.

முதல் வாரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாசி மாதத்துப் புழுக்கம் என்றார்கள். கொடியில் காயப்போட்ட புடவைகள் தகரம்போல நேராகத் தொங்கின. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. பனையோலை விசிறியைக் கை வலிக்க வீசினாலும் வீசுகிறவருக்கு வியர்த்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. லாரி கிளப்பிய புழுதிக்குள் ஆள் நடந்துபோனால் ஆள் உயரத்துக்கு ஒரு சந்து உண்டாகிப் பொழுது சாயும்வரை கலையாமல் இருந்தது. யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்பதை அதைப் பார்த்தே சொல்ல முடிந்ததால் தெருவில் இரண்டு சண்டைகள் வந்தன. திங்கட்கிழமை இறங்கிய பூண்டு வாசனை வியாழக்கிழமைவரை அதே இடத்தில் நின்றது. காசிராஜன் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு தெருவை நடந்து அளந்தான். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிய அடுத்த எட்டில் புகை வளைந்தது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரர்கள் காற்றின் வேகத்தை அளக்கிற காற்றாடிக் கருவி கொண்டுவந்து வைத்தார்கள். கிண்ணங்கள் சுழலவில்லை. கருவி பழுது என்று எழுதிவிட்டு, புதுக் கருவி கொண்டுவந்தார்கள். அதுவும் பழுது என்று எழுதினார்கள். தொழிற்சாலை நல்லெண்ணத்தோடு பத்துப் பெரிய விசிறிகளை அனுப்பியது. அவை நன்றாகச் சுழன்றன. ஆய்வாளர்களை அனுமதியில்லாமல் வெளியே அழைத்துப் போனதற்காக காசிராஜனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தெரு அவனுக்காகப் பரிந்து பேசவில்லை. குப்பியில் எங்கள் காற்றைப் பிடித்துக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டவன் என்று அவன் நடந்துபோன சந்தில் யாரும் நடக்காமல் விலகிப் போனார்கள். நடேசன் அவனை நேரில் நிறுத்திக் கேட்டார்.

"இன்னாத்துக்கு கையெழுத்து போட்ட? அதுல இன்னா எழுதிகீதுன்னு படிச்சியா?"

"மாதிரி எடுத்ததுக்கு சாட்சின்னு எழுதியிருந்துச்சு அண்ணாச்சி."

"மாதிரின்னா கொஞ்சம் எடுக்கணும். அவங்க மொத்தமும் எடுத்துகினு பூட்டாங்களே."

அடுத்த வாரம் காசிராஜன் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் லைன் வேலை கிடைத்து, அங்கேயே ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். துணிமணியை எடுத்துக்கொண்டு, அறையைச் சாத்திப் பூட்டி, சாவியைக் கனகத்திடம் கொடுக்க நின்றான். அவள் சாவியை வாங்கவில்லை. நீயே வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவன் சாவியோடு போனான்.

காற்று இல்லாமல் வாழத் தெரு பழகிக்கொண்டது. பழக முடியாமல் போனது தசரதனுக்குத்தான். அவர் விட்ட மூச்சு அவர் முகத்துக்கு முன்னாலேயே நின்றது. அதையே மறுபடி இழுக்க வேண்டியிருந்தது. கனகம் இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மணிக்கு ஒருதரம் அவர் கட்டிலை ஒரு சாண் நகர்த்தினாள். கூடத்தைச் சுற்றி, அடுப்படியைச் சுற்றி, மறுபடி கூடத்துக்கு. சிமெண்டுத் தரையில் கட்டில் கால்கள் நான்கு தடம் போட்டுவிட்டன. வாலாஜாபாத்தில் இருக்கும் கனகத்தின் தங்கை வந்து அவரைக் கூட்டிப்போனாள். அங்கே காற்று நன்றாகத்தான் அடித்தது. நான்காம் நாள் அவர் தானாக பஸ் ஏறித் திரும்பி வந்தார்.

"நெலத்த குட்த்துட்டன். காத்தயும் தேடிகினு நான் ஊர் ஊரா போவணுமா?" என்றார்.

ஏழு மாதம் கழித்து முடிவு வந்தது. சிவசங்கரே அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். தபாலில் அனுப்பியிருக்கலாம், அவருக்கு மனசு கேட்கவில்லை. புழுதியில் புதிதாக ஒரு சந்து போட்டபடி நடந்து வந்து, கூடத்தில் நின்று வாசித்தார். மேட்டுத் தெருவில் எடுத்த காற்றில் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள எந்தப் பொருளும் இல்லை என்று இருந்தது. பட்டியலில் இல்லாதது ஏதாவது இருந்ததா என்று கனகம் கேட்டாள். அதை அவர்கள் பார்க்க மாட்டார்கள், போருக்கு உதவுகிற பொருளை மட்டும்தான் தேடுவார்கள் என்றார் அவர்.

"அப்போ இவரு இருமறது லிஸ்ட்ல இல்ல" என்றாள் கனகம்.

சிவசங்கர் காகிதத்தை நான்காக மடித்து அவளிடம் கொடுத்தார். அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே டீக்கடையில் அந்த அறிக்கை பொய் என்று முடிவாகிவிட்டது. எங்கள் காற்றில் இருந்ததை அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள், அடுத்த சண்டையில் வெடிக்கப்போவது மேட்டுத் தெருக் காற்றுதான் என்று நடேசன் சொன்னார். தொலைக்காட்சியில் எந்த நாட்டில் குண்டு விழுந்தாலும் தெருவாசிகள் புகையின் நிறத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

2023ஆம் ஆண்டு முடிவதற்குள் வீட்டிலிருந்த காற்று முழுவதையும் தசரதன் இரண்டு முறை சுவாசித்து முடித்திருந்தார். கட்டில் போவதற்குப் புது இடம் இல்லை. தை பிறந்து ஒரு வாரம் கழித்து, கனகம் ஒரகடத்துக்கு பஸ் ஏறிப் போனாள். ஷிப்ட் விட்டு வெளியே வந்த காசிராஜனைக் கம்பெனி கேட்டுக்கு எதிரே நிறுத்தி, அந்த அறையை எப்போது பூட்டினாய் என்று கேட்டாள். ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகிறது என்றான்.

"நடுவுல தொறந்தியா?"

"இல்லக்கா."

"அதுல காத்து அப்டியே கீது, தம்பி. ஒர்த்தரும் தொடல. வந்து தொறந்து வுடு."

அவன் சீருடையோடு கிளம்பி வந்தான். கட்டிலை இருவரும் தூக்கிப் பின்னறை வாசலில் வைத்தார்கள். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து 2022ஆம் வருஷத்து வாசனை வந்தது. தேங்காய் எண்ணெய், தோசைக்கல், காசிராஜன் அப்போது போட்டுக்கொண்டிருந்த பவுடர். தசரதனை உள்ளே படுக்கவைத்துவிட்டு உடனே சாத்தினார்கள். அவர் மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார். நெஞ்சு பாதியில் நிற்காமல் மேலே ஏறிப்போனதைக் கனகம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் காற்று ஒன்பது நாளைக்கு வந்தது. காசிராஜன் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தான். உள்ளே வருவதற்கு முன் வெளியிலேயே மூச்சை நிரப்பிக்கொண்டு வந்து, விடாமல் அடக்கி வைத்திருந்து, வெளியே போய் விட்டுவிட்டு வருவான். அவருடைய காற்றில் ஒரு மூச்சுகூடத் தனக்காக எடுக்கக் கூடாது என்று அவனுக்குள் ஒரு வைராக்கியம்.

எட்டாம் நாள் மத்தியானம் தசரதன் அவன் கையைப் பிடித்தார்.

"அன்னிக்கு பீப்பா எண்ணுனாங்களே, கணக்கு செரியா இருந்திச்சா?"

அவர் காற்றில் கொஞ்சம் செலவழிக்காமல் காசிராஜனால் பதில் சொல்ல முடியவில்லை. "சரியா இருந்துச்சு அண்ணாச்சி. ஒரு லிட்டர்கூடக் கொறையல."

"பொய் ஒண்ணும் எழுதலியே?"

"இல்ல அண்ணாச்சி. உள்ளதத்தான் எழுதுனாங்க. நான் பக்கத்துலயே நின்னேன்."

தசரதன் கூரையைப் பார்த்தார். "பொய் எழுதியிருந்தா மனசு ஆறிடும்" என்றார். "உண்மைய எழுதிட்டு போனாங்க பாரு. அதான் பயமா கீது."

மறுநாள் விடிந்து சிறிது நேரத்தில் இறந்தார். காசிராஜன் அப்போதும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றான். கனகம் அவன் முதுகில் கை வைத்து, "வுட்ரு தம்பி" என்ற பிறகுதான் விட்டான். அழுகையும் அதோடு வந்தது.

2025ஆம் ஆண்டு ஆவணியில் மறுபடி ஆய்வாளர்கள் வந்தார்கள். வேறு ஆட்கள். அந்தப் பெண் வரவில்லை. அவள் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். தொழிற்சாலை வாசலில் கனகமும் காசிராஜனும் காலையிலிருந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மேட்டுத் தெரு முழுவதும் நின்றது. காற்றைத் திருப்பிக் கொடு என்று அட்டையில் எழுதி நடேசன் பிடித்திருந்தார். சிவசங்கர் உள்ளே போய்ப் பேசி, குழுத் தலைவரை இரண்டு நிமிஷத்துக்கு வெளியே கூட்டி வந்தார். வயதான, வெயிலில் சிவந்துபோன மனிதர். ஒரு ஏட்டைப் புரட்டி, அந்தக் குப்பி சோதனை முடிந்ததும் விதிப்படி திறந்து கழுவப்பட்டுவிட்டது என்றார். எங்கே திறந்தார்கள் என்று கனகம் கேட்டாள். தங்கள் ஊரில், ஆய்வுக்கூடத்தின் பின்புறம், கடலைப் பார்த்த முற்றத்தில் என்றார்.

"அங்க காத்து நல்லா அடிக்குதா, கேளு" என்றாள் கனகம்.

சிவசங்கர் கேட்டார். அந்த மனிதர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். எப்போதுமே அடிக்கும், மூன்று வருஷமாகக் கொஞ்சம் கூடுதலாகவே அடிக்கிறது, காரணம் தெரியவில்லை என்றார்.

கனகம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "செரி. பொழங்கிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

கூட்டத்தில் பாதிப்பேர் அந்த மனிதர் சொன்னதை நம்பவில்லை. குப்பி இன்னும் முத்திரை உடையாமல் ஏதோ ஒரு கிடங்கில் குண்டுகளோடு குண்டாக எண்ணப்படுகிறது என்று அவர்கள் இப்போதும் சொல்கிறார்கள். காற்றைத் திருப்பிக் கேட்டு மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்கள். மேட்டுத் தெருவில் இப்போது ஏழு வீடுகளில் அறைகள் வாடகைக்கு இருக்கின்றன. கனகம் தன் கதவில் சாக்பீஸால் எழுதியிருக்கிறாள்: ரூம் காலி, போர் தண்ணீர் உண்டு, காற்று கிடையாது. தெற்கேயிருந்து வேலைக்கு வருகிற பிள்ளைகள் பையை இறக்கிவைத்து அதை வாசித்துவிட்டு, தண்ணீர் உப்பா என்று மட்டும் கேட்கிறார்கள்.