புதிதாய்ப் போட்ட லினக்ஸ்

"அந்த மூணு மாடி வீடு கட்டறவன்கிட்ட இவ்வளவு தணிஞ்சு போகாதேம்மா. நீ 'சரிங்க சார்'னு எழுதினா அவன் தலையில ஏறி உக்காருவான்," என்றார் மூத்தார், மதியச் சாப்பாட்டின் நடுவே.

அவள் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். அந்தக் கடிதத்தைக் காலையில்தான் கணினியில் எழுதியிருந்தாள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. யாரிடமும் மூச்சு விடவில்லை.

வீடுகளுக்கு வரைபடம் போடுவது அவள் தொழில். அவளுடைய கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவர் கணவனின் அண்ணனான இந்த மூத்தார்தான். மக்கர் பண்ணினால் மாடியில் தன் கணினியிலிருந்தே சரிசெய்ய ஒரு வழியும் வைத்திருந்தார். மக்கர் பண்ணாத நாட்களிலும் மனிதர் வந்து போகிறார் என்பது இப்போதுதான் உறைத்தது. யாரோ சாப்பிட்டு வைத்த எச்சில் தட்டில் இத்தனை நாளும் சாப்பிட்டதுபோல் உடம்பெல்லாம் கூசியது.

நல்லவேளையாக, அந்த லினக்ஸ் பதிப்புக்கு ஆயுசு முடிகிறது என்று திரை தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தது.

"அப்கிரேடு போட்டாப் போதும்மா. இருக்கறது இருக்கறபடியே இருக்கும். நானே மேலேருந்து போட்டுடறேன்."

"வேண்டாம் மாமா. மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போடப்போறேன். நானே."

"படமெல்லாம் போச்சுன்னா அப்புறம் என்கிட்டதான் வந்து அழுவே."

"அண்ணன் நல்லதுக்குத்தானே சொல்றாரு," என்றான் கணவன், தட்டைப் பார்த்தபடி.

இருக்கிறது இருக்கிறபடியே இருக்குமாம்! அதை நினைத்தால்தானே குமட்டுகிறது.

மறுநாள் கணவன் எழுந்திருக்கும் முன்பே உட்கார்ந்தாள். வரைபடம், கடிதம் என்று அவளுடையதெல்லாம் இருந்த 'ஹோம்' கோப்புறையை அப்படியே வெளிவட்டில் நகலெடுத்துக்கொண்டாள். உள்ளிருக்கும் வட்டை முழுக்க அழிக்கலாமா என்று கணினி கேட்டதும், சாக்கடை அடைப்பு எடுக்கிற வேகத்தில் 'ஆம்' என்று அழுத்தினாள். புதிய லினக்ஸ் துடைத்துவைத்த தரைபோல எழுந்து வந்தது. நகலெடுத்ததை அதில் அப்படியே திரும்பக் கொட்டினாள்.

அங்கேதான் சறுக்கினாள். புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகளை லினக்ஸ் சாதாரணமாகக் கண்ணில் காட்டாது. கணினி விழித்ததும் எதெல்லாம் தானாக ஓட வேண்டும் என்ற விவரமும் அவற்றில்தான் இருக்கும். மூத்தார் தன் வழியை ஒளித்திருந்த இடமும் அதுவே. அவற்றையும் அவளே சுமந்து வந்து உள்ளே வைத்துவிட்டாள், பாவி மகள்.

கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்தாள். அம்புக்குறி நகர்ந்தது.

"இங்க வாங்க! சீக்கிரம் வந்து பாருங்க, நான் கையே வைக்கல!"

குளித்துக்கொண்டிருந்த கணவன் ஈரத்தலையோடு ஓடிவந்து அவள் பின்னால் நின்றான். அம்புக்குறி அவள் தோழிக்கு எழுதிய கடிதத்தைத் திறந்து, வரிவரியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் இணையக் கம்பியைப் பிடுங்கினாள். எல்லாம் நின்றது.

கண்ணால் பார்த்துவிட்டான், இனி மாடியேறிப் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பான் என்று காத்திருந்தாள்.

"ஏன் பிடுங்கினே?" என்றான் அவன், அவள் தோளில் கைவைத்து. சிரிப்புக்கூட வந்தது அவனுக்கு. "நீ யாருக்கு என்ன எழுதறேன்னு அண்ணன்தானே எனக்கே சொல்லுவாரு."

பல்லி விழுந்ததுபோல் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.