இன்ஜின் கழுவும் நேரம்

என் மனைவி ஜாய்ஸின் நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

நெம்மேலி தாண்டி, கடலை ஒட்டி எங்கள் தளம். ஒரே ஒரு ஹெலிகாப்டர். மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்களைக் கடல்மேல் ஒரு சுற்று சுற்றிக் காட்டி இறக்கிவிடும். அதை ஓட்டுவது என் வேலை இல்லை. பழுது பார்ப்பதும் இல்லை. அது பறக்கத் தகுதியோடு இருக்கிறதா என்று தொடர்ந்து கவனிப்பதும், இல்லையென்றால் நிறுத்திவைப்பதும்தான் என் வேலை. பழுது பார்ப்பவன் கிருபாகரன். ஜாய்ஸின் அண்ணன். அவன் மூலமாகத்தான் எனக்கு ஜாய்ஸைத் தெரியும்.

டெங்கு. ஒரு வாரத்தில் போய்விட்டாள்.

இரண்டாவது வாரமே வேலைக்குத் திரும்ப நினைத்தேன். கிருபாகரன் விடவில்லை.

“உன் கண்ணுல இன்னும் தங்கச்சிதான் நிக்கிறா மாப்ள. ஒரு நம்பர தப்பா பாத்தேன்னா போச்சு. நாப்பது முடியட்டும். நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டான். தினமும் இருட்டுவதற்கு முன் ஊரப்பாக்கத்தில் என் வீட்டு வாசலில் அவன் பைக் வந்து நிற்கும். அவன் அம்மா காசியம்மாள் அத்தை ஆக்கிய சோற்றைத் திருப்போரூரிலிருந்து கேரியரில் கொண்டுவருவான். சேர்ந்து சாப்பிடுவோம். என் தட்டையும் அவனே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான். அந்த நாட்களில் வேறு யாருக்கும் நான் கதவு திறக்கவில்லை.

அன்று காலை கேட்டில் எல்லப்பன் நின்றிருந்தார். ஹெலிகாப்டருக்கு எரிபொருள் நிரப்புகிறவர்.

“வா அண்ணாத்த. இன்னா, பாதியா கரைஞ்சி கீற? ரெக்க சுத்தறப்ப கிட்ட போவாத, பறந்துடுவ.”

சிரிக்க வேண்டிய இடம். சிரித்தேன்.

கம்ப்யூட்டரில் இன்ஜினின் வெப்பநிலையைப் பார்த்தேன். அதே சுமை, அதே உயரம். வெப்பம் மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறியிருந்தது. முதலில் சென்சாரைச் சந்தேகித்தேன். பிறகு குழாய்க் கேமராவை இன்ஜினுக்குள் விட்டேன். காற்றை உள்ளிழுக்கும் பிளேடுகள்மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. உப்பு. அதற்கடியில் உலோகம் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது.

கடல்மேல் பறந்த இன்ஜினை அன்றன்றைக்கே கழுவ வேண்டும். கடைசிச் சுற்று முடிந்து சூடு ஆறியதும், உப்பு நீக்கிய தண்ணீரை உள்ளே பீய்ச்ச வேண்டும். விட்டால் உப்பு பிளேடைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு நாள் கடல்மேல் இன்ஜின் நின்றுபோகும். இதற்கு இன்னொரு இன்ஜின் கிடையாது.

பதிவைத் திறந்தேன். ஒரு நாள் விடாமல், பொழுது சாய்ந்ததும் கழுவியதாக இருந்தது. கிருபாகரன் கையெழுத்து.

பொழுது சாய்ந்த நேரங்களில் அவன் எங்கே இருந்தான் என்று எனக்குத் தெரியும்.

வெளியே முதல் சுற்றுக்கு ஒரு குடும்பம் உயிர்காக்கும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. கிருபாகரன் துணியில் கையைத் துடைத்தபடி வந்தான்.

“இன்னா மாப்ள, சொல்லாம கொள்ளாம வந்துட்ட? நாஸ்தா துன்னியா?”

“இன்ஜின் கழுவினியா மச்சான்?”

“டெய்லி. புக்குல கீது பாரு.”

“எப்ப?”

“பொழுது சாஞ்சதும்தான். வேற எப்ப கழுவுவாங்க?”

“அப்ப நீ எங்க வூட்ல இருந்த.”

அவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை சுத்தமாகத்தான் இருந்தது.

“எல்லப்பன்கிட்ட சொல்லிட்டுத்தான் வருவேன்.”

எரிபொருள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த எல்லப்பன் திரும்பாமலே சொன்னார்: “என் தலையில கட்டாத கிருபா. பம்ப்புதான் எப்பவோ பூடுச்சே.”

பிறகு கிருபாகரன் சொன்னான். ஜாய்ஸ் ஆஸ்பத்திரியில் இருந்த வாரமே கழுவுகிற பம்ப் கெட்டுவிட்டது. சீசன் முடிந்ததும் புதிது வாங்கலாம், ஒரு சுற்றுகூட நிற்கக் கூடாது என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

“நீ இருந்தா நிறுத்தியிருப்ப” என்றான்.

“அதான் என்ன வூட்லயே உக்கார வெச்சியா?”

அவன் துணியை மடித்துப் பாக்கெட்டில் திணித்தான்.

“தினம் சோறு எடுத்துகினு வந்தது? நான் கிளம்பிடக் கூடாதுன்னா?”

அவன் கடலைப் பார்த்தான். “அதுக்கும்தான்.”

இல்லை என்று அவன் பொய் சொல்லியிருக்கலாம்.

“அவ என் தங்கச்சிடா. உன்ன தனியா வுட மனசு வரல, அதுவும் நெசம்தான்” என்றான். “இன்னிக்கு ஒரு நாள் வுடு. வாடகைக்கு பம்ப் எடுத்தாந்து கழுவிடறேன். என் லைசென்ஸ் போனா அம்மா இன்னா ஆவும்? ஜாய்ஸுக்கும் அவங்கதான அம்மா.”

பைலட்டிடம் போய், இது பறக்காது என்றேன். குடும்பம் ஜாக்கெட்டைக் கழற்றியது. செல்ஃபி எடுத்த பெண் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறோம் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

அறைக்குள் வந்து விமானப் போக்குவரத்துத் துறைக்கு அறிக்கை எழுதினேன். உப்பை மட்டும் காட்டினால், கழுவிய தண்ணீர் சரியில்லை என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள். கழுவவே இல்லை என்று காட்ட வேண்டும். அதனால், பதிவில் கண்ட நேரங்களில் கிருபாகரன் என் வீட்டில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அதற்கு நானே சாட்சி என்று எழுதினேன். ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

கிருபாகரன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வரவில்லை.

சாயந்திரம் வீட்டில் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இனி என்னை வீட்டில் பிடித்துவைக்க அவனுக்குத் தேவை இல்லை. எனக்காகவும் வந்தான் என்றால் இன்றைக்கும் வர வேண்டும். காலையில் நான் செய்ததற்குப் பிறகு அப்படி எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை. தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். தெருவில் பைக்குகள் போயின. எதுவும் நிற்கவில்லை.

தெருவிளக்கு எரிந்ததும் போய் கேட்டைப் பூட்டினேன். முந்தாநாள் அவன் கழுவிக் கவிழ்த்த தட்டுகள் இரண்டும் மேடையில் அப்படியே இருந்தன. ஒன்றை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.