சாவிப் படம் போட்ட பொத்தான்

1

கதவு திறக்காத கதை, கதை அல்ல. இதை முழுப் பொறுப்போடு சொல்கிறேன். மனிதகுலம் இதுவரை எழுதிக் குவித்த கதைகள் அனைத்தையும் ஒரே வரியில் அடக்கிவிடலாம்: யாரோ வந்தார்கள், யாரோ கதவைத் திறந்தார்கள். திறந்த பிறகு நடந்ததைத்தான் காதல், துரோகம், குடும்பம், துப்பறிதல் என்று நூலகத்தில் தனித்தனி அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கிறோம். ஆகவே வாசலில் கேமராவை மாட்டி, வந்திருப்பவர் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் வசதியை மனிதனுக்குக் கொடுத்த அன்றே சிறுகதை செத்துப்போய்விட்டது. இரங்கல் கூட்டம் எதுவும் நடந்ததாகத் தகவல் இல்லை.

இன்னொன்று. "முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறேன்" என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்துக்கொள்ளச் சொல்லி, ஊறுகாய்வரை வைத்துவிட்டு, "சோறு மட்டும் உங்கள் கற்பனைக்கு" என்று நழுவிவிடும் சமையல்காரர்கள் அவர்கள். இந்தக் கதையில் கதவு திறக்கும். என் வாக்கு.

2

கதை என்னுடையது அல்ல என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை மின்சார ரயிலில், எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தது. நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, பாட்டு எதுவும் போடாமல், ஜன்னலைப் பார்த்தபடி கேட்டேன். (இது திருட்டு அல்ல, இலக்கிய உத்தி.)

அவருக்கு ஜெரால்ட் என்று பெயர் வைத்திருக்கிறேன். சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். உயரத்தில் உட்கார்ந்தபடி, கீழே நிற்கிறவர் கை காட்டுகிற பக்கமெல்லாம் போகிற வேலை. வீட்டிலும் ஏறக்குறைய அதுதான். உயரம் மட்டும் கிடையாது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஸ்நேகா வீட்டுக்கு ஒரு போன் வாங்கி அனுப்பியிருந்தாள். ஒயர் இல்லாத ரிசீவர், அதில் சின்னத் திரை. கேட்டுத் தூணில் பொருத்திய பெட்டியில் ஒரு கேமராவும் ஒரு பொத்தானும். வெளியே அழுத்தினால் ரிசீவர் அடிக்கும், வந்தவர் முகம் தெரியும், இருந்த இடத்திலிருந்தே பேசலாம். சாவிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் கேட்டு தானாகத் திறந்துகொள்ளும். மதிய நேரத்தில் வாட்டர் பில்டர் விற்க வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா எழுந்து போய்க் கதவு திறக்க வேண்டாமே என்பதற்காக வாங்கியது. அதைவிட்டால் அதில் வேறு உள்நோக்கம் கிடையாது. உள்நோக்கம் எல்லாம் ஜெரால்டுடையது.

3

தொடக்கம் ஒன்று: "டொக், டொக். ஜெரால்ட் திடுக்கிட்டு" —

இல்லை. அந்த வீட்டில் இப்போது யாரும் தட்டுவதில்லை. பொத்தானை அழுத்தினால் ஐஸ் வண்டிக்காரர் தெருவில் நுழைந்தது மாதிரி ஒரு மெட்டு வருகிறது. அந்த மெட்டுக்குத் திடுக்கிட முடியாது. அதிகபட்சம் சில்லறை தேடலாம்.

தொடக்கம் இரண்டு: "அன்று ஞாயிற்றுக்கிழமை. வானம் இருண்டு" —

வேண்டாம். அந்தக் கேமராவில் வானம் தெரியாது. இல்லாத வானத்தை வைத்து உங்களைக் கலங்கடிப்பது நியாயமில்லை.

தொடக்கம் மூன்று, சுற்றி வளைக்காமல்: ஜெரால்ட் தன் மச்சானிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை.

மச்சான் சாலமோன், ஜெரால்டின் மனைவி விக்டோரியாவுக்கு ஒரே அண்ணன். எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் போடும் கடை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ராபின் என்று ஒரே பையன். ஒவ்வொரு ஞாயிறும் ஆரம்பாக்கத்தில் நண்டோ இறாலோ வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வருவார். சாப்பிடுவார். கை கழுவும்போது முதுகைக் காட்டிக்கொண்டு, "அப்புறம் மாப்ள, நம்ம ராபின் விசயம் இன்னா ஆச்சு?" என்று கேட்பார். ராபின் விசயம் என்றால் ஸ்நேகாவை ராபினுக்குக் கட்டிவைக்கும் விசயம். முறை இருக்கிறது, கேட்க உரிமையும் இருக்கிறது.

ஸ்நேகாவுக்கு இஷ்டம் இல்லை. தானே மாமாவிடம் பேசிவிடுவதாகச் சொன்னாள். ஜெரால்ட் விடவில்லை. எவனாக இருந்தாலும் மூஞ்சிக்கு நேராகப் பேசுகிறவன் நான், இதை நானே சொல்கிறேன் என்று மார் தட்டினார். விக்டோரியா ஒன்றுதான் சொன்னார்:

"எங்கண்ணன் மனசு நோகாம சொல்லு. அவுரு வர்றது நின்னுச்சின்னா, எனக்குப் பொறந்த ஊடுன்னு ஒண்ணு இல்ல."

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் மூஞ்சிக்கு நேராக ஜெரால்ட் சொன்னது: "இன்னொரு நண்டு வச்சிக்கோங்க மச்சான்."

4

அந்த ஞாயிறு விக்டோரியா சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்கு நின்றுவிட்டார். ஜெரால்ட் மட்டும் வீட்டுக்கு வந்து, கைலிக்கு மாறி, ரிசீவரைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரியில் இருக்கும் முனுசாமி டீக்கடைக்குப் போனார். சிக்னல் அதுவரை எடுக்கிறது என்பதைப் பெஞ்சில் இருப்பவர்களுக்குக் காட்டும் அறிவியல் நோக்கம். டீ சொல்லி உட்கார்ந்தார். ஐஸ் வண்டி மெட்டு அடித்தது.

திரையில் ஒரு மூக்கு. அந்தக் கேமரா வைத்திருக்கும் உயரத்துக்கு யார் நின்றாலும் மூக்குதான் முதலில் வரும். ஆள் கொஞ்ச நேரம் கழித்து வருவார். ஜெரால்ட் மூக்கை வைத்தே மச்சானைக் கண்டுகொண்டார்.

எழுந்து ரோட்டைத் தாண்டினால் கேட்டு. (இந்த இடத்தில் அவரை எழுந்து நடக்க வைக்க நான் எவ்வளவோ முயன்றேன். நாலு வரைவுகள். ஒன்றில்கூட எழவில்லை.) ரிசீவரை முகத்துக்கு முன்னால் பிடித்து, பேசும் பொத்தானை அழுத்தி, அவர் சொன்னார்:

"மச்சான், நான் ஊட்ல இல்ல. ஓவர்டைம் போட்டுட்டானுங்க. கிரேன் மேல கீறேன்."

"கிரேன் மேல இருந்தா பேசற?"

"ஆமா மச்சான். ஒரே சத்தம், பேஜாரு."

அப்போது முனுசாமி, தொழில் அக்கறையைத் தவிர வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், "ஜெரால்ட் அண்ணே, டீ ஆறிப்பூட்ச்சி, ஆடை கட்டிக்கினு கீது பாரு" என்றார்.

அந்தக் குரல் இரண்டு வழியாகச் சாலமோனிடம் போய்ச் சேர்ந்தது. ஒன்று ரிசீவர் வழியாகப் பெட்டிக்கு. இன்னொன்று ரோடு வழியாக முதுகுக்கு. திரையில் மூக்கு மறைந்து பின்மண்டை வந்தது. பின்மண்டை நகர்ந்தது. அது விட்ட இடத்தில் ரோடு தெரிந்தது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை, பெஞ்சு, பெஞ்சில் பச்சைக் கட்டம் போட்ட கைலியில் ஒரு ஆள். கண்ணாடி பார்ப்பது போல எதையோ முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரடா அது, நம்மைப் போலவே கைலி என்று ஜெரால்டுக்கு ஒரு கணம் தோன்றியது.*

சாலமோன் ரோட்டைத் தாண்டி வரவில்லை. மறுபடி பெட்டியின் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார்:

"கிரேன எறக்கி வச்சிட்டு டீயக் குடி மாப்ள."

கையிலிருந்த பையைக் கேட்டில் மாட்டினார். ஸ்டேஷன் பக்கம் நடந்தார். ஆள் போன பிறகும் திரையில் பை அசைந்துகொண்டிருந்தது. உயிர் நண்டு.**

* ரயிலில் இதைச் சொல்லும்போது ஜெரால்ட் சிரித்தார். பக்கத்திலிருந்தவர் சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் கேமரா இருக்கிறதாம்.

 ** அன்று அந்த நண்டை யாரும் தொடவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஜெரால்ட் தொட்டார்.

5

இந்த இடத்தில் எனக்குச் சாலமோன் மேல் சந்தேகம் வந்தது. ஒரு பொய்க்காக ஒரு மனிதர் தங்கை வீட்டையே விட்டுவிடுவாரா? முதல் வரைவில் அவருக்குப் பெரிய மீசை வைத்து, "என் வம்சத்தையே அவமானப்படுத்தி" — என்று ஆரம்பித்தேன். பஞ்சர் கடையில் உட்கார்ந்து யாரும் வம்சம் பற்றிப் பேசமாட்டார்கள். மீசையை எடுத்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான்: அவர் வரவில்லை. பதிலாக எளாவூரில் டயர் கழற்ற நின்ற ஒவ்வொரு லாரிக்காரரிடமும், தன் தங்கை வீட்டு வாசலில் ஒரு பொட்டி இருப்பதையும், மனுசனாகப் பிறந்தவன் மனுசனிடம் பேசுவானே தவிரப் பொட்டியிடம் பேசமாட்டான் என்பதையும், தான் செத்தாலும் இனி அதன் முன்னால் வாய் திறக்கப்போவதில்லை என்பதையும் விளக்கினார். கல்கத்தா நெடுஞ்சாலை என்பதால் செய்தி ஒடிசாவரை போயிருக்கும்.

கும்மிடிப்பூண்டியில் விக்டோரியா சண்டை எதுவும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பார் வைத்தார். முதல் ஞாயிறு கத்தரிக்காய் சாம்பார். அடுத்த ஞாயிறு முள்ளங்கி. ஜெரால்ட் இரண்டாவது உருண்டையில் புரிந்துகொண்டார். அதற்கடுத்த ஞாயிறிலிருந்து காலையிலேயே ரிசீவரை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். டீக்கடைக்குப் போகவில்லை. மெட்டு அடிக்கும் என்று உட்கார்ந்திருந்தார். வாட்டர் பில்டர்காரர் ஒருமுறை வந்தார். அவரைக்கூட உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

6

பிறகு ஒரு ஞாயிறு, பூசணிக்காய் சாம்பாருக்கு முன்னால், மெட்டு அடித்தது.

திரையில் மூக்கு இல்லை. முழு ஆள். சாலமோன் கேமராவிலிருந்து தள்ளி, போட்டோ ஸ்டூடியோவில் நிற்பது போல, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். எதிர்க் கடையில் முனுசாமி பாத்திரம் கழுவத் திரும்பும்வரை காத்திருந்தார். அப்புறம் குனிந்து, பெட்டியின் வாய் எது என்று தேடி, அதனிடம் மெதுவாகப் பேசினார்.

"மாப்ள. கேக்குதா?"

ஜெரால்ட் அதற்குள் ரிசீவரோடு கதவுக்கே வந்துவிட்டார். கதவுக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு வண்டி நிற்கிற இடம்தான்.

"கேக்குது மச்சான். இருங்க, தெறக்கறேன்."

"வேணாம். தெறக்காத. தெறந்தா மூஞ்சியப் பாக்கணும். பாத்தா எனக்குச் சொல்ல வராது."

ஜெரால்டின் கை தாழ்ப்பாள் மேலேயே நின்றது.

"ராபின் கிறிஸ்மசுக்கே சொல்லிட்டான் மாப்ள. அவனுக்கு இதுல இஷ்டம் இல்லியாம்."

ஈஸ்டரே முடிந்துவிட்டிருந்தது. ஜெரால்ட் மனதில் ஞாயிறுகளையும் நண்டுகளையும் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். பிறகு, மூஞ்சிக்கு நேராகப் பேசுகிற அந்த மனிதர், மூடிய கதவைப் பார்த்தபடி, ஸ்நேகாவுக்கும் இஷ்டம் இல்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் அன்றைக்குக் கிரேன் மேல் ஏறிவிட்டேன் என்று ரிசீவரிடம் சொல்லி முடித்தார். வெளியே பெட்டி அதை அப்படியே ஒப்பித்தது. திரையில் சாலமோன் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்ப ஏன் மச்சான் வாராவாரம் கேட்டீங்க?"

ரோட்டில் ஒரு லாரி போனது. அது ரிசீவரிலும் போனது, கதவு வழியாகவும் போனது.

"கேக்காம வந்தா, சும்மா சோத்துக்கு வந்தான்னு ஆயிடும் இல்ல."

ஜெரால்ட் ரிசீவரை முகத்துக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"இப்ப கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. அதான் வெளியவே நின்னுக்கினு கீறேன்."

ரிசீவர் பீப் என்றது. காலையிலிருந்து ஸ்டாண்டில் வைக்காத ரிசீவர்.

7

முடிவுகள்.

(அ) ஜெரால்ட் கதவை உடைத்துக்கொண்டு ஓடுகிறார், இருவரும் கட்டிப்பிடித்து — கோடு போட்டு அடித்துவிட்டேன். கதவு புதுசு, தேக்கு.

(ஆ) பாட்டரி தீர்ந்துவிடுகிறது. பதில் வராததைச் சாலமோன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் — இதை எழுதி, படித்துப் பார்த்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. அடித்துவிட்டேன்.

(இ) விக்டோரியாவே வந்து திறந்துவிடுகிறார். சுலபமான வழி. ஆனால் அவர் கரண்டியோடு கணவருக்குப் பின்னால் வந்து நின்றவர், நின்றபடியே இருக்கிறார். எல்லாம் கேட்டிருக்கிறார். இந்த முறை எந்தப் பக்கமும் கை காட்டவில்லை.

(ஈ) ரயிலில் ஜெரால்ட் சொன்ன முடிவு. அவர் "அப்ப நான் இன்னா பண்ணேன்னா" என்று ஆரம்பித்தபோது பொன்னேரி வந்துவிட்டது. என் கல்லூரி பொன்னேரியில். வருகைப்பதிவு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். மீஞ்சூர்வரை போயிருக்கலாம் என்கிறீர்கள். அவர் முகத்தைப் பார்த்தாவது தெரிந்துகொண்டிருக்கலாம் என்கிறீர்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

ஆக இப்போது நிலைமை இது. உள்ளே பூசணிக்காய் சாம்பார் மட்டும்தான் இருக்கிறது. பாட்டரியில் ஒரு கோடு. திரையில் சாலமோன் போகவும் இல்லை, மறுபடி அழுத்தவும் இல்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பெட்டியைப் பார்த்தபடி நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் மறைத்து ஒரு பை வைத்திருக்கிறார். அது அசைகிறது.

சாவிப் படம் போட்ட பொத்தான் கீழ்வரிசையில், இடதுபக்கம். கொஞ்சம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ரயில் நின்றுவிட்டது, நான் இறங்க வேண்டும். இந்த ரிசீவரை ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்ளுங்கள்.