இடது கை மட்டும்

பியானோ மூடியை முகுந்தின் வலது கை மேல் ஓங்கிச் சாத்தினேன். தவறி விழவில்லை, இரண்டு கையாலும் பிடித்துத்தான் சாத்தினேன். புனேயின் தொழிற்பேட்டையான போசரியில் நாங்கள் ஒத்திகைக்கு வாடகைக்கு எடுத்திருந்த ஷெட்டுக்குப் பக்கத்தில் பிரஸ் மெஷின் நாள் முழுக்கத் தகரத்தை இடிக்கும். அதையும் மீறி அவன் விரல்கள் முறிந்தது எனக்குக் கேட்டது.

அவன் அலறிக்கொண்டே இடது கையால் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைப் பியானோவில் மோதினான். உதடு கிழிந்தது. நான் அவன் முழங்காலில் உதைத்தேன். டிரம்ஸ் வாசிக்கும் ரோஹிணி குச்சியால் எங்கள் இருவரையும் மாறி மாறி விளாசித்தான் பிரித்தாள். "பஸ் கரோ, நிறுத்துங்க ரெண்டு பேரும். பாகல் ஆயிட்டீங்களா? பைத்தியமா?" என்றாள். புனேயிலேயே பிறந்தவள், அவள் தமிழில் இந்தி கலந்துதான் வரும்.

புதிதாக ஜாஸ் இசை உருவாக்கும் குழுக்களுக்குக் புனே கேம்ப் பகுதியில் ஒரு அறக்கட்டளை உதவித்தொகை கொடுக்கிறது, கிராண்ட் என்பார்கள். கிடைத்தால் ஐ.டி. வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு மூவரும் ஒரு வருஷம் வாசிக்கலாம். எங்கள் குழுவில் மெட்டுக்குச் சொந்தக்காரர் கிடையாது. ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வோம். யாருடையது என்று கேட்பதே அசிங்கம். ஆனால் அறக்கட்டளைக்கு இசையமைத்தவர் என்று ஒரே ஒரு பெயர் வேண்டுமாம். நாங்கள் அனுப்பிய மெட்டுக்கு முகுந்த் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து, டீ குடித்துக்கொண்டே சொன்னான்.

"யார் பேரா இருந்தா என்ன அமலா? மூணு பேருக்கும்தானே கிடைக்கப்போகுது."

அப்பாவை எரித்துவிட்டு வந்த மறுநாள் அதே ஷெட்டில் நின்று நான் ஊதியது அந்த மெட்டு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராது. சாக்ஸபோனில்தான் வந்தது. அதற்கு இவன் பெயரா? அவன் கட்டையில் கை வைத்ததும் மூடியைச் சாத்தினேன்.

மறுநாள் கட்டுப் போட்டுக்கொண்டு வந்ததும் முதல் வேலையாக அவன் அறக்கட்டளைக்கு போன் போட்டுப் பெயரை மாற்றினான். "உன்னோடதுதான். உன்னைக் கேக்காம குடுத்தது தப்பு" என்றான். நானும் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். நான் சாக்ஸபோனைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அந்த வாரமே அறக்கட்டளையின் தேர்வு. காயம் என்று தெரிந்தால் வேறு குழுவைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று முகுந்த் வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு இடது கையால் மட்டும் வாசித்தான். நான் உதட்டில் லிப்ஸ்டிக்கை அப்பிக்கொண்டேன். ஊத ஆரம்பித்ததுமே காயம் பிளந்தது. ரத்தத்தை விழுங்கி விழுங்கி ஊதினேன். அவன் வலது கை வர வேண்டிய இடமெல்லாம் காலியாகக் கிடந்தது. அந்தக் காலி இடத்தை அடிக்கிற மாதிரி வெறியோடு ஊதினேன்.

முடிந்ததும் தேர்வுக் குழுவில் இருந்த நரைத்த தலைப் பெண்மணி என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். "பியானோவில் ஒரு கையை அப்படியே எடுத்துவிட்டீர்களே, இந்த மெட்டில் புதுமையே அதுதான். உங்கள் யோசனையா?"

ரோஹிணி தலையைக் குனிந்துகொண்டாள். முகுந்த் என்னையே பார்த்தான்.

"ஆமாம்" என்றேன். "என் யோசனைதான்."

கிராண்ட் கிடைத்தது. தேர்வில் கேட்டது கேட்டபடியே மேடையேற வேண்டும் என்பது நிபந்தனை. மூவரும் வேலையை விட்டோம். மழைக்காலம் முடிவதற்குள் முகுந்தின் விரல்கள் கூடிவிட்டன. ஒருநாள் ஒத்திகையில், என் மெட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில், அவன் வலது கை தன்னையறியாமல் எழுந்து கட்டைகளைத் தொட்டது. எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? என் அழுகைக்கு யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நான் ஊதுவதை நிறுத்தினேன்.

"கையை எடு முகுந்த். அது இதுல இல்ல."

அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான். என்னிடமிருந்து எடுத்ததை அவன் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டான். நான் இன்னும் கொடுக்கவில்லை.