அறுபதைத் தாண்டிய முள்

றிப்தாவின் வலக்கை மாவுக்கட்டில் இருந்தது. போன கிழமை குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது விழுந்துவிட்டாள். ஆய்வுகூட உதவியாளரும் லீவு. அழுத்த யந்திரத்தின் கைப்பம்பை அடிக்க அவள் கணவன் நஸீப் வந்திருந்தான். அக்குறணையில் அரிசிக்கடை வைத்திருப்பவன். மூட்டை தூக்கிய தோள்.

யந்திரத்துக்குள் அரைச் சாண் கருங்கல் உருளை. ஒரு முனையில் ஒலியை அனுப்பி மறுமுனையில் பிடிக்கவேண்டும். நெருக்க நெருக்க கல்லுக்குள் இருக்கும் நுண்வெடிப்புகள் மூடும், ஒலி விரைந்து ஓடும். எவ்வளவு விரைந்து என்பதுதான் அவளது மூன்று வருட ஆராய்ச்சி. மற்றக் கற்கள் எல்லாம் அளந்து முடிந்துவிட்டன; மிஞ்சியது இது ஒன்றுதான். ஒருமுறை நெருக்கிய கல் பழைய நிலைக்கு வராது.

"பத்துப் பத்தா ஏத்துங்க. அழுத்தமானி முள்ளு அந்தந்தக் கோட்டத் தாண்டப்படாது."

"தராசு பிடிக்கிறவனுக்கே சொல்லிக் குடுக்கிறியா?"

"கதைக்காம அடிங்க."

ஐம்பது வந்தபோது அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவள் இடக்கையால் இலக்கங்களைக் கோணல்மாணலாக எழுதினாள். அறுபதில் திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இஞ்ச பாருங்க, நான் நெனச்சத விட வேகமா சத்தம் ஓடீக்கி!"

நஸீப் பிடியை விடாமல் நின்றான். அந்தச் சிரிப்பை அவன் பார்த்துப் பல மாதம்.

"றிப்தா, அத எழுதாத."

"ஏன்?"

"முள்ளு அறுபத்தாறு வரைக்கும் போயிட்டுது. கடையில கொஞ்சம் கூடப் போடுற கை. பொறகு வால்வ மெதுவாத் திறந்து எறக்கிட்டன்."

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். "கூடப் போட்டா ஒங்கட கடைக்கு வார சனம் சந்தோஷப்படும். கல்லு மறக்காது."

"வேற ஆளப் பிடி. எனக்குப் பயமா ஈக்கி."

அவன் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. அப்படியும் அழுத்தம் குறையாமல் பிடியைத் தாங்கிக்கொண்டிருந்தான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"வேற ஆளெண்டா சொல்லீக்க மாட்டான்" என்றாள்.

அறுபதுக்கு எதிரே 'அறுபத்தாறுக்குப் போய்த் திரும்பியது, சேர்க்கக்கூடாது' என்று எழுதினாள். எழுந்து வந்து சால்வை முனையை அவன் உள்ளங்கைக்கும் பிடிக்கும் நடுவே மடித்து வைத்தாள்.

"அறுபது போச்சு. அறுபத்தாறுக்கு மேல இந்தக் கல்லுக்கும் புதுசுதான். எழுபதுக்கு ஏத்துங்க. முள்ள நான் பாக்கிறன்."

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தான். அறுபத்தேழு. அறுபத்தெட்டு.

"மூச்ச விடுங்க."

"எழுபது வரட்டும்."